மாநாட்டுக்கு எந்த ஊர்?

 

இந்த வாரம் எடுத்திருக்கிற விஷயம், பல சங்கங்களோட செயற்குழுக் கூட்டத்துல வருஷா வருஷம் சண்டையைக் கிளப்புற விஷயம். அடுத்த மாநாட்டை எந்த ஊர்ல வைக்கிறது?

அரிசி ஆலைக்காரங்க சங்கமா இருக்கலாம், மருந்து வணிகர் சங்கமா இருக்கலாம், பம்ப்செட் தயாரிக்கறவங்க, அச்சகம் வெச்சிருக்கறவங்க, யாரா வேணா இருக்கலாம். எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு மாநாடு உண்டு. ஆனா ஊர் எப்படி முடிவாகுதுன்னு பார்த்தா பெரும்பாலும் மூணே வழிதான். தலைவருக்கு எது சொந்த ஊரோ அந்த ஊர். இல்லேன்னா, "போன தடவை கொங்குப் பக்கம் போயாச்சு, இந்தத் தடவை தெற்கே போகலாம்"னு ஒரு முறை. ரெண்டும் இல்லேன்னா சென்னை.

இதுல என்ன தப்புன்னு நீங்க கேக்கலாம். ஊர் முடிவாகும்போதே, யார் வருவாங்க, யார் வரமாட்டாங்கங்கறதும் பாதி முடிவாயிடுது. மாநாட்டுல புது இயந்திரம் பார்க்கறது, விலை பேசறது, அரசாங்கத்துக்கு என்ன கோரிக்கை வைக்கிறதுன்னு தீர்மானம் போடறது, சில சங்கங்கள்ல அடுத்த நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கறது, இவ்வளவும் நடக்குது. அங்க வராதவரோட குரல் எங்கயும் பதிவாகறதில்லை. அதனால இதை வெறும் மண்டப வாடகைக் கணக்கா பார்க்கக் கூடாதுங்கறதுதான் இன்னைக்கு நான் சொல்ல வர்றது.

முதல்ல, உலக அளவுல இதைப் பெரிய பெரிய அமைப்புகள் எப்படிச் செய்றாங்கன்னு ரெண்டு உதாரணம் பார்த்துட்டு, அப்புறம் நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம்.

ஒரே ஊர்ல ஊன்றி நிற்கிறது

மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. கைப்பேசித் துறையில வருஷா வருஷம் நடக்கற பெரிய மாநாடு. ஜிஎஸ்எம்ஏங்கற மொபைல் நிறுவனங்களோட உலகச் சங்கம் நடத்துது. இன்னைக்கு அது பார்சிலோனாவோட அடையாளமாவே ஆயிடுச்சு. ஆனா 2005 வரைக்கும் அது பிரான்ஸ்ல இருக்கற கேன்ஸ் நகரத்துலதான் நடந்துச்சு. ஆமா, திரைப்பட விழா நடக்கற அதே கேன்ஸ்தான்.

கேன்ஸ் அழகான கடலோர ஊர். ஆனா மக்கள் தொகை ஒரு லட்சம்கூடக் கிடையாது. கைப்பேசித் துறை வளர வளர, மண்டபமும் போதலை, தங்கற அறையும் போதலை. துறைமுகத்துல நிக்கற உல்லாசப் படகுகளை வாடகைக்கு எடுத்து, அதுல உக்காந்து வியாபாரம் பேசுற நிலைமை. பெரிய நிறுவனத்துக்கு அது கௌரவமா இருக்கலாம். சின்ன நிறுவனம் படகுக்கு எங்க போகும்? 2006-ல மாநாடு பார்சிலோனாவுக்கு மாறிச்சு.

அதோட முடியலை. சில வருஷம் கழிச்சு ஜிஎஸ்எம்ஏ ஒரு போட்டி வெச்சாங்க. அடுத்த சில வருஷத்துக்கு இந்த மாநாட்டை எந்த நகரத்துக்குக் கொடுக்கலாம்? கடைசிப் பட்டியல்ல நாலு நகரங்கள். பார்சிலோனா, மிலான், மியூனிக், பாரிஸ். 2011-ல பார்சிலோனாவே ஜெயிச்சது. 2012-ல இருந்து 2018 வரைக்கும் ஒப்பந்தம். பிறகு படிப்படியா நீட்டி, இப்போ 2030 வரைக்கும் போகுது.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஏற்கெனவே அங்க நல்லபடியா நடந்துக்கிட்டு இருக்குற மாநாடுதான். இருந்தும் அவங்க போட்டி வெச்சாங்க. போட்டின்னு வரும்போதுதான் ஊர்க்காரங்க என்ன தர முடியும்னு யோசிக்க ஆரம்பிக்கறாங்க. பல வருஷ உறுதி கிடைச்சா அந்த ஊரும் துணிஞ்சு பணம் போடும். 2013-ல மாநாடு அதே ஊருக்குள்ளயே இன்னும் பெரிய கண்காட்சி வளாகமான ஃபிரா கிரான் வியாவுக்கு மாறிச்சு. 2016 பிப்ரவரியில, விமான நிலையத்தையும் அந்த வளாகத்தையும் இணைக்கற மெட்ரோ பாதை, மாநாட்டுக்குச் சில நாள் முன்னாடி திறக்கப்பட்டது. 2019-ல 1 லட்சத்துக்கும் மேல ஆட்கள் வந்தாங்க. கேன்ஸ்லயே இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

அதே 2016 பிப்ரவரியில இன்னொண்ணும் நடந்தது. மாநாடு நடக்கற நாள் பார்த்து மெட்ரோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. எல்லார் கண்ணும் ஊர் மேல இருக்கற நேரத்துலதானே கோரிக்கைக்கு வலு கிடைக்கும்? ஆக, நல்ல போக்குவரத்து இருக்கற ஊர்னு தேர்ந்தெடுத்தாலும், அந்தப் போக்குவரத்து நின்னா என்ன செய்றதுன்னு ஒரு மாற்று ஏற்பாடு கையில இருக்கணும்.

அப்புறம் 2020. கொரோனா பரவ ஆரம்பிச்ச நேரம். எல்ஜி, எரிக்சன், சோனி, அமேசான்னு ஒவ்வொரு நிறுவனமா "நாங்க வரலை"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. மாநாட்டுக்கு ரெண்டு வாரம்கூட இல்லாத நிலையில, பிப்ரவரி 12-ம் தேதி ரத்துன்னு அறிவிச்சாங்க. ரத்தானா யார் பணம் யாருக்குத் திரும்பும்ங்கற கேள்வி அன்னைக்கு உலகத்துல இருக்கற எல்லா மாநாட்டு அமைப்பாளர்களுக்கும் உறைச்சது. இதை நம்ம ஒப்பந்தத்தைப் பேசும்போது மறுபடி எடுத்துக்குவோம்.

வீட்டுல ரெண்டு, வெளியில ஒண்ணு

இன்னொரு வகை, உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து நடத்தற ஆண்டுக் கூட்டம். இவங்க வழக்கம் என்னன்னா, தொடர்ந்து ரெண்டு வருஷம் தலைமையகம் இருக்கற வாஷிங்டன்ல. மூணாவது வருஷம் வேற ஏதாவது ஒரு உறுப்பு நாட்டுல. 2006-ல சிங்கப்பூர், 2009-ல இஸ்தான்புல், 2012-ல டோக்கியோ, 2015-ல பெருவோட தலைநகர் லிமா, 2018-ல பாலி.

இது ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு எனக்குத் தோணுது. வீட்டுல நடத்தற ரெண்டு வருஷம் செலவு குறைவு, வேலை பழகின வேலை. மூணாவது வருஷம் வெளிய போகும்போது, எப்பவும் வர முடியாத பக்கத்து ஆட்கள் வர்றாங்க, போறவங்களுக்கும் அந்த ஊரோட தொழில் புரியுது.

2012 கூட்டம் முதல்ல எகிப்துல நடக்கறதா இருந்தது. 2011-ல அங்க பெரிய அரசியல் கொந்தளிப்பு வந்ததும், இடம் டோக்கியோவுக்கு மாறிச்சு. அடுத்து மொராக்கோவுல மராகேஷ். 2021-ல நடக்க வேண்டியது, கொரோனாவால 2023-க்குத் தள்ளிப் போச்சு. 2023 செப்டம்பர்ல, கூட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடி, அந்தப் பகுதியிலயே பெரிய நிலநடுக்கம். இருந்தும் அக்டோபர்ல அங்கயே நடத்துனாங்க.

ரெண்டையும் பாருங்க. எகிப்து விஷயத்துல ஒரு வருஷத்துக்கு மேல அவகாசம் இருந்தது, ஊரை மாத்துனாங்க. மராகேஷ் விஷயத்துல ஒரு மாசம்தான் இருந்தது, உள்ளூர் மக்களுக்கு அந்த நேரத்துல வெளியூர் ஆட்கள் வர்றதே ஒரு ஆதரவு. எப்போ மாத்தலாம், எப்போ மாத்தக் கூடாதுங்கறதுக்கு ஒரே விதி கிடையாது. ஆனா "மாத்த வேண்டி வந்தா அடுத்த ஊர் எது?"ங்கற கேள்விக்குப் பதிலை முன்னாடியே எழுதி வெச்சிருந்தா, அந்த நேரத்துல பதற்றம் இருக்காது.

யாரோட பணம்?

சரி, இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் புரியறதுக்காக நான் வெச்சுக்கறது.

உங்க சங்க மாநாட்டுக்கு 400 பேர் வர்றாங்கன்னு வெச்சுக்குவோம். ரெண்டு ஊர் பேச்சுல இருக்கு. முதல் ஊர்ல மண்டபமும் சாப்பாடும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் குறைவு. பொருளாளர் என்ன சொல்வார்? "ஒன்றரை லட்சம் மிச்சம், முதல் ஊரே போதும்"பார். ஆனா அந்த ஊர் ஒரு ஓரத்துல இருக்கு. வர்ற ஒவ்வொருத்தருக்கும் பயணம், ராத்திரி தங்கற செலவுன்னு சராசரியா 1,200 ரூபாய் கூடுதல். 400 பேருக்கு எவ்வளவு? 4 லட்சத்து 80 ஆயிரம். சங்கம் ஒன்றரை லட்சம் மிச்சம் பிடிச்சது, உறுப்பினர்கள் 4.8 லட்சம் கூடுதலா கொடுத்தாங்க. மொத்தத்துல 3 லட்சத்து 30 ஆயிரம் நஷ்டம். ஆனா அந்த நஷ்டம் எந்த வரவு செலவுக் கணக்குலயும் வராது. ஏன்னா அது 400 பேரோட சட்டைப் பையில இருந்து போன பணம்.

இதுல கடையைப் பூட்டற நாளைச் சேர்க்கலை. மாநாடு காலையில ஒன்பதரைக்கு ஆரம்பம்னு போட்டா, தூரத்துல இருக்கறவர் முந்தின நாளே கிளம்பணும். ஒரு நாள் மாநாடு அவருக்கு ரெண்டு நாள், சில பேருக்கு மூணு நாள். ஆள் வெச்சு நடத்தற பெரிய கடைக்காரருக்குக் கவலை இல்லை. தானே கல்லாவுல உக்கார்றவர், "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு விட்டுடுவார்.

அதனாலதான் திருச்சி மாதிரி நடுவுல இருக்கற ஊர்களுக்கு ஒரு மதிப்பு இருக்கு. தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், மதுரை, சேலம், இங்க இருந்தெல்லாம் மூணு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். பதினொரு மணிக்குத் தொடங்கி சாயங்காலம் அஞ்சுக்கு முடிச்சா, பாதிப் பேருக்கு லாட்ஜ் செலவே இல்லை. பெண் உறுப்பினர்கள் நிறைய இருக்கற சங்கங்கள் இதைக் கட்டாயம் யோசிக்கணும். ராத்திரிக்குள்ள வீடு திரும்ப முடியுமாங்கறது அவங்கள்ல பல பேருக்கு, வரலாமா வேண்டாமாங்கற முடிவையே தீர்மானிக்குது.

அப்போ எல்லா மாநாடும் திருச்சியிலதானா? இல்லை. எதுக்காக மாநாடுன்னு பார்க்கணும். வெளிநாட்டுல இருந்து இயந்திரம் கொண்டுவந்து காட்டப் போறாங்கன்னா, துறைமுகமும் பன்னாட்டு விமான நிலையமும் இருக்கற சென்னைதான் வசதி. தமிழ்நாடு அரசோட உலக முதலீட்டாளர்கள் மாநாடு 2015, 2019, 2024-னு மூணு தடவையும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துலதான் நடந்தது. வெளிநாட்டுல இருந்து வர்றவர் இறங்கின விமான நிலையத்துல இருந்து சில கிலோமீட்டர்ல மண்டபம். அவங்க தேவைக்கு அது சரி.

ஆனா தெற்கே இருந்து பஸ்ல வர்ற ஒரு உறுப்பினருக்கு அதே சென்னை வேற மாதிரி. பஸ் கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுடும். அங்க இருந்து மண்டபத்துக்கு இன்னொரு பயணம். அவர் பார்வையில இருந்தும் ஒரு தடவை வழியைப் போட்டுப் பாருங்க.

தொழிலைப் பார்க்கறதுதான் நோக்கம்னா, தொழில் இருக்கற ஊருக்கே போறது நல்லது. பம்ப், வார்ப்படம், ஜவுளி இயந்திரம்னா கோயம்புத்தூர். பின்னலாடைன்னா திருப்பூர். அச்சுன்னா சிவகாசி. ரிக் வண்டின்னா திருச்செங்கோடு. தோல்னா ஆம்பூர் பக்கம். காலையில கூட்டம், மதியம் ரெண்டு தொழிற்சாலை சுத்திப் பார்க்கறதுன்னு வெச்சா, வர்றவருக்கு அந்தப் பயணச் செலவு வீணாகாது.

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். அது அரசாங்கம் கட்டினது இல்லை. அங்க இருக்கற சிறுதொழில்காரங்களோட சங்கம் தனக்காகக் கட்டிக்கிட்ட கண்காட்சி வளாகம். 2010-ல உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடே அங்கதான் நடந்தது. ஒரு சங்கம் பல வருஷம் ஒரே நோக்கத்தோட உழைச்சா, மாநாட்டுக்கு ஊர் தேடற நிலைமை மாறி, மத்தவங்க அவங்க ஊரைத் தேடி வர்ற நிலைமை வரும்.

பக்கத்து மாநிலமா?

சில சங்கங்கள் "ஒரு மாறுதலுக்கு பெங்களூர் போகலாம், கொச்சி போகலாம்"னு சொல்வாங்க. போகலாம். ஆனா ஒரு வரி விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கங்க. தங்கற அறைக்கும், தொழில் நிகழ்ச்சிக்காக எடுக்கற மண்டபத்துக்கும், ஜிஎஸ்டி சட்டப்படி அந்தக் கட்டடம் எங்க இருக்கோ அந்த மாநிலத்தோட வரிதான் விழும். உங்க கம்பெனிப் பதிவு தமிழ்நாட்டுல மட்டும் இருந்தா, கர்நாடகாவுலயோ கேரளாவுலயோ கட்டின அந்த வரியை நீங்க உள்ளீட்டு வரியா எடுத்துக்க முடியாது. அது முழுச் செலவாயிடும். வரி விகிதம் அவ்வப்போது மாறலாம், ஆனா இந்த விதி முக்கியம். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ஊரோட சேர்த்து நாளும்

ஊரைத் தனியா, தேதியைத் தனியா முடிவு பண்ண முடியாது. ரெண்டும் சேர்ந்துதான் போகும்.

நம்ம ஊர்ல நிறைய மாநாடுகள் கல்யாண மண்டபத்துலதான் நடக்குது. அப்போ முகூர்த்த நாள் பார்த்தே ஆகணும். ஆவணி, தை மாசம் முகூர்த்தத்துல மண்டபமும் கிடைக்காது, லாட்ஜும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார். ஆடியிலயும் மார்கழியிலயும் மண்டபம் காலியா இருக்கும், வாடகையிலயும் பேரம் பேசலாம். ஆனா ஜவுளிக்கடைக்காரங்க சங்கம் ஆடியில மாநாடு வெச்சா யார் வருவா? அது அவங்களுக்குத் தள்ளுபடி சீசன். மார்கழியில சபரிமலைக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க, ரயில்ல இடம் கிடைக்கறது கஷ்டம்.

மழையையும் பாருங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போவும் விமானங்கள் நின்னுச்சு. அந்த மூணு மாசத்துல கடலோர ஊர் வேண்டாம், மேற்கே கோயம்புத்தூர், சேலம் பக்கம் யோசிக்கலாம்.

அப்புறம் கணக்கு வேலை. மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் பண்றவங்களுக்கு 20-ம் தேதி கெடு. மார்ச் கடைசி வருஷ முடிவு. இந்த நாட்களை ஒட்டி மாநாடு வெச்சா வந்தவர் பாதி நேரம் வெளிய நின்னு போன்ல கணக்காளர்கிட்ட பேசிக்கிட்டு இருப்பார். தேர்தல் அறிவிப்பு வந்துட்டா இன்னொரு சங்கடம். அமைச்சர் வந்து அறிவிப்பு எதுவும் செய்ய முடியாது. 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் கொண்டுபோனா வழியில கணக்குக் கேப்பாங்க, ஆவணம் இல்லேன்னா பறிமுதல். வியாபாரிகள் கூடற இடத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ரயில் முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது. 2024 நவம்பருக்கு முன்னாடி அது 120 நாள். அதனால குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி ஊரையும் தேதியையும் அறிவிச்சுட்டா, முன்பதிவு திறக்கற அன்னைக்கே உறுப்பினர்கள் டிக்கெட் போட்டுக்கலாம். கடைசி மாசத்துல அறிவிச்சா, வசதி இருக்கறவர் விமானத்துல வருவார், இல்லாதவர் வரமாட்டார்.

நேர்ல போய்ப் பார்க்கறது

மண்டபம் பார்க்கப் போறவங்களை மண்டபக்காரர் கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவார், நல்ல காபி கொடுப்பார், ஏசி போட்டுக் காட்டுவார். அதுல எதுவும் தெரியாது. மாநாடு எந்தக் கிழமையோ அதே கிழமையில, அதே நேரத்துல, பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிச்சுப் போங்க. எவ்வளவு நேரம் ஆகுது, கடைசி அரை கிலோமீட்டர் நடக்க முடியுமா, வெயில்ல நிழல் இருக்கா, அப்போதான் தெரியும்.

உள்ள போனதும் மேடையைப் பார்க்காதீங்க, கடைசி வரிசையில போய் உக்காந்து பாருங்க. தூண் மறைக்குதா? ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா, விளக்குக்கு மட்டுமா? பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை? சக்கர நாற்காலியில வர்றவருக்குச் சாய்தளம் இருக்கா? நம்ம சமையல்காரரை உள்ள விடுவாங்களா, அவங்க ஆளைத்தான் வெச்சுக்கணுமா? வேன் ஓட்டிட்டு வர்ற டிரைவர் எங்க சாப்பிடுவார்? இவ்வளவும் ஒரு தாள்ல எழுதி, பார்த்த எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி நிரப்பணும்.

ஒப்பந்தம் பேசும்போது நாலு விஷயம் எழுத்துல வேணும். ஒண்ணு, ரத்தானா அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள்ள சொன்னா எவ்வளவு. ரெண்டு, ரத்து இல்லாம தேதி மட்டும் தள்ளிப் போனா அதே அட்வான்ஸ் செல்லுமா. மூணு, லாட்ஜ்ல பிடிச்சு வெச்ச அறைகள்ல ஆள் வராததை எந்த நாள் வரைக்கும் திருப்பிக் கொடுக்கலாம். நாலு, சாப்பாட்டுக்குக் குறைஞ்சபட்ச இலைக் கணக்கு எவ்வளவு. 400-னு சொல்லிட்டு 280 பேர் வந்தா, மீதி 120 இலைக்கு யார் பணம்? பார்சிலோனாவுல பெரிய வக்கீல்கள் வெச்சிருந்தவங்களுக்கே 2020-ல வந்த தலைவலி இது. வாய் வார்த்தையா "பார்த்துக்கலாம் சார்"னு விட்டா, நம்ம நிலைமை என்ன?

ஓட்டு இருக்கற மாநாடு

கடைசியா, பேசறதுக்கே பல பேர் தயங்கற விஷயம். மாநாட்டுலயே பொதுக்குழுவும் தேர்தலும் வைக்கிற சங்கங்கள் உண்டு. தலைவர் சொந்த ஊர்ல மாநாடு. அந்த ஊர் உறுப்பினர்கள் ஆயிரம் அடி நடந்து வந்து ஓட்டுப் போடுவாங்க. நாகர்கோவில்காரரும் தர்மபுரிக்காரரும் ராத்திரி முழுக்கப் பயணம் செஞ்சு வரணும். தேர்தல் விதிப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கும். ஆனா மாநாட்டு ஊர்னு ஒண்ணை முடிவு பண்ணின அன்னைக்கே தேர்தல் முடிவு பாதி எழுதியாச்சு.

இதுக்காக யார் மேலயும் பழி போட வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர் அலைஞ்சு திரிஞ்சு ஏற்பாடு செய்வார்ங்கறதும் உண்மைதான், அந்த உழைப்பு இல்லாம எந்த மாநாடும் நடக்காது. அதனால ஊரை மாத்தறதை விட, தேர்தலை மாநாட்டுல இருந்து பிரிச்சுடறது நல்லது. மாவட்ட வாரியா ஓட்டுப் பெட்டி வைக்கலாம், தபால் ஓட்டு வைக்கலாம். உங்க சங்க விதிகள் இடம் கொடுக்குதான்னு பாருங்க. கொடுக்கலேன்னா, முதல்ல அந்த விதியைத் திருத்தற தீர்மானத்தைக் கொண்டு வாங்க.

ஊர் தேர்ந்தெடுக்கறதுக்கும் ஒரு முறை சொல்றேன். ஊர்ப் பேரு எதுவும் பேச்சுக்கு வர்றதுக்கு முன்னாடியே, நமக்கு எது எது முக்கியம், ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மதிப்பெண்னு முடிவு பண்ணிடுங்க. பயணச் செலவுக்கு இவ்வளவு, தங்கற வசதிக்கு இவ்வளவு, தொழில் பார்க்கற வாய்ப்புக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு. அதை எழுதி எல்லாருக்கும் கொடுத்தப்புறம் ஊர்ப் பேருக்கு வாங்க. ஊர்ப் பேரு முதல்ல வந்துட்டா, அவங்கவங்க ஊர் ஜெயிக்கற மாதிரி மதிப்பெண் போட ஆரம்பிச்சுடுவோம். மனுஷ சுபாவம் அது.

இந்த வாரம் செய்யறதுக்கு ஒரே ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்க சங்க உறுப்பினர் பட்டியலை எடுங்க. ஒவ்வொரு விலாசத்துலயும் பின்கோடோட முதல் மூணு எண்ணை மட்டும் பாருங்க. 600-னா சென்னை, 641-னா கோயம்புத்தூர், 625-னா மதுரை, 620-னா திருச்சி, 627-னா திருநெல்வேலி. எந்த எண்ணுல எத்தனை பேர்னு எண்ணி ஒரு தாள்ல எழுதுங்க. பக்கத்துலயே, கடைசி மூணு மாநாட்டுக்கு அந்த எண்ணுல இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதுங்க. எந்தப் பக்கத்து ஆட்கள் சந்தா மட்டும் கட்டிக்கிட்டு, மாநாட்டுப் பக்கமே வராம இருக்காங்கன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுடும். அடுத்த செயற்குழுவுல, மண்டப வாடகைப் பட்டியலை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை மேஜையில வைங்க.